சேற்றில் இறுகிய டிராக்டர் பிரேக்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் குடியானவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2012-இல் ஒரகடத்தில் லாரித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இன்று வயலை விட்டேறும் டிராக்டர், கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையிலேயே வீடு திரும்புகிறது.

சேற்றுழவுக்குப் பின் ஒரு பக்கத்துப் பிரேக் இறுகிக்கொள்வதுண்டு. பெடல் தண்டில் சேறும் துருவும் சேர, ஸ்பிரிங் அதனைத் திரும்ப இழுக்கமாட்டாது. சிலர் அப்பக்கத்துப் பிரேக் கம்பியையே கழற்றிவிட்டு ஓட்டுகின்றனர். இது பெருந்தவறு. சாலையில் ஒரு சக்கரம் மட்டும் நின்றால் வண்டி அப்பக்கம் திரும்பிக் கவிழ நேரும்.

சமதரையில் என்ஜினை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தண்டையும் ஸ்பிரிங்கையும் கழுவித் துரு நீக்குக. தண்டிற்கு மட்டும் கிரீஸ் இடுக. பிரேக் பட்டையில் எண்ணெய் படலாகாது. பின்னும் இறுகினால் மெக்கானிக்கிடம் காட்டுக. வயலில் திரும்புவதற்காகப் பிரித்த இரு பெடல்களையும் தாழிட்டு இணைத்த பின்னரே சாலையேறுக.

நடவுக்கு முன் ஊர் டிராக்டர்களை ஒருநாள் கூட்டிப் பரிசோதிக்கக் கிராம அலுவலர்கள் ஏற்பாடு செய்வது நலமென்பது எமது அபிப்பிராயம். தவறிய உழவை மறுநாள் உழலாம். போன உயிர் மீளாது.