வழித்துணைக் கப்பல்களும் சங்கக்கடை வரிசையும்

"கப்பல் வந்திட்டுதாம்." 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி தரைவழியான ஏ9 வீதி மூடப்பட்ட பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதைவிடப் பெரிய செய்தி வேறெதுவும் இருக்கவில்லை. காலையில் ஒரு படலையில் தொடங்கினால் மத்தியானத்துக்குள் ஊர் முழுவதும் சுற்றிவிடும். பிறகு பையும் குடும்ப அட்டையுமாகச் சங்கக்கடைக்கு நடக்க வேண்டியதுதான். அரிசி, சீனி, பருப்பு, கோதுமை மா, மண்ணெண்ணெய். கப்பல் எந்தத் துறையிலிருந்து புறப்பட்டது, வழியில் அதைச் சுற்றி எத்தனை படகுகள் ஓடின என்று வரிசையில் நின்ற எவரும் கேட்டதில்லை. மா முடிவதற்குள் தன் முறை வருமா என்பதே அன்றைய கவலை. அன்று கேட்காமல் விட்டதை இன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

சரக்கைச் சுற்றி ஓடும் வழித்துணைக் கப்பல்களை யாரும் நினைப்பதில்லை; கடற்போர் வரலாறு என்றால் நம் பாடப்புத்தகங்களுக்கு விமானந்தாங்கியும் பெரும் பீரங்கிக் கப்பலும்தான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை மீது யப்பானிய விமானங்கள் குண்டு போட்ட அதே நாளில், மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கி மூழ்கியது. அதில் 307 பேர் இறந்தார்கள். சுழியோடிகள் இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள். ஆண்டுதோறும் யாரேனும் அதைப் பற்றி எழுதுகிறார்கள். அதே கடலில் அதே நாளில் 'ஹொலிஹொக்' என்ற சிறு கப்பலும் அமிழ்ந்தது. 'அதெல்ஸ்ரேன்' என்ற எண்ணெய்க் கப்பலுக்கு வழித்துணையாக வந்த கொர்வெட் அது. எண்ணெய்க் கப்பலும் தப்பவில்லை. கொர்வெட்டின் மாலுமிகளில் பெரும்பகுதியினர் திரும்பவில்லை. ஹொலிஹொக் என்பது நம் துத்தியின் இனத்துப் பூச்செடி ஒன்றின் பெயர். அந்த வகைக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் பூக்களின் பெயரைத்தான் பிரித்தானியர் வைத்தார்கள்.

இந்தப் பூப்பெயர்க் கப்பல்கள் போர்க்கப்பல் கட்டும் பெருந்தளங்களில் பிறந்தவை அல்ல. ஸ்மித்ஸ் டொக் என்ற கப்பல்கட்டும் நிறுவனத்தின் வில்லியம் றீட், தாம் முன்னர் வரைந்த ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலை அடிப்படையாக வைத்து இவற்றை வரைந்தார். நீளம் 205 அடி. வேகம் மணிக்கு 16 கடல்மைல். பழைய பாணி நீராவி எந்திரம். வணிகக் கப்பலில் வேலை செய்த எவருக்கும் கைவந்தது. முன்னே 4 அங்குலப் பீரங்கி ஒன்று. பின்னே தார்ப்பீப்பா வடிவில் ஆழவெடிகள். ஜேர்மன் நீர்மூழ்கி நீர்மேல் ஓடும்போது இந்தக் கொர்வெட்டால் அதைத் துரத்திப் பிடிக்கவும் முடியாது. ஆனால் சிறு கப்பல்கட்டும் துறைகளில் விரைவாக, மலிவாக, பல எண்ணிக்கையில் கட்டலாம். பிரித்தானியாவும் கனடாவும் சேர்ந்து 250க்கும் அதிகமானவற்றைக் கடலில் இறக்கின. ஏறியவர்களில் பெரும்பாலோர் மீன்பிடிகாரர், வணிகக் கப்பல் மாலுமிகள், கடலையே காணாத இளைஞர்கள்.

வேலை ஒன்றுதான். சரக்குக் கப்பல் கூட்டத்தைச் சுற்றி ஓடுவது. அஸ்டிக் கருவியால் நீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்பது. கேட்டால் அந்த இடத்துக்கு மேலாக ஓடி ஆழவெடியை உருட்டுவது. கடைசிச் சில விநாடிகளில் எதிரொலி மறைந்துவிடும். எதிரி எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் திரும்பினான் என்பதை ஊகித்துத்தான் வெடியைப் போட வேண்டும். இப்படி இரவு பகலாக, வாரக்கணக்கில். பெரும்பாலான பயணங்களில் ஒன்றுமே நடக்காது. வழித்துணையின் வெற்றி அதுதான்: ஒன்றும் நடக்காமல் போவது. நடக்காத ஒன்றுக்கு யார் சிலை வைப்பார்கள்?

நமது கடலில் இதன் பெறுமதியை இரண்டே நாட்கள் காட்டின. 1944 பெப்ரவரி 11: கொழும்பிலிருந்து கல்கத்தாவுக்குப் போன ஜேசி-36 என்ற கப்பற்றொடரை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் யப்பானிய நீர்மூழ்கி ஆர்ஓ-110 தாக்கியது. 'அஸ்பாலியன்' என்ற சரக்குக் கப்பல் அடிபட்டது, மூழ்கவில்லை. வழித்துணையாக இருந்தவை மூன்று சிறு கப்பல்கள்: இந்தியக் கடற்படையின் 'ஜம்னா', அவுஸ்திரேலியாவின் 'லோன்செஸ்டன்', 'இப்ஸ்விச்'. மூன்றும் சேர்ந்து அந்த நீர்மூழ்கியை அழித்தன. மறுநாள், பெப்ரவரி 12: ஆபிரிக்காவின் கிலிண்டினியிலிருந்து கொழும்பு நோக்கி வந்த துருப்புக் கப்பல் 'கெடிவ் இஸ்மாயில்' மாலைதீவுக்கு அருகே ஐ-27 என்ற நீர்மூழ்கியிடம் அகப்பட்டது. ஐந்து துருப்புக் கப்பல்களுக்குத் துணை ஒரு குறூசரும் இரண்டு நாசகாரிகளுமே. கப்பல் இரண்டு நிமிடங்களுக்குள் மறைந்தது. கிழக்காபிரிக்கப் படையினரும் தாதியரும் உட்பட 1,297 பேர் இறந்தார்கள். நீர்மூழ்கி கீழே பதுங்கியிருக்கிறது என்று தெரிந்ததால், தண்ணீரில் தத்தளித்தவர்களுக்கு அருகிலேயே நாசகாரிகள் ஆழவெடி போட்டன. மற்றைய நான்கு கப்பல்களைக் காப்பாற்ற அந்தத் தளபதிகள் எடுத்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அப்படியொரு முடிவை எடுக்க வேண்டிய நிலைக்குள் ஒரு மனிதனைத் தள்ளுவதுதான் வழித்துணை வேலை என்பதை மறக்கவும் முடியவில்லை.

இதெல்லாம் யாழ்ப்பாணத்துக்குத் தூரத்துக் கதை அல்ல. 1942 மார்ச்சில் றங்கூன் வீழ்ந்தது. அதுவரை இலங்கை உண்ட இறக்குமதி அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்களும் அந்த அரிசி வணிகத்தில் ஓடியவை. ஒரே மாதத்தில் அந்த வழி அடைபட்டது. அரிசி பங்கீட்டுக்குள் போனது. கோதுமை மாவும் பாணும் இலங்கை அடுப்படிக்குள் நிரந்தரமாக நுழைந்தன. பனங்கிழங்கும் ஒடியலும் குரக்கனும் மீண்டும் பசிக்குத் துணை நின்றன. வந்த மா எந்தக் கடல் வழியால் வந்தாலும், அந்தக் கடலில் இத்தகைய சிறு கப்பல்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வழித்துணைக் கப்பல் சரக்கைக் காக்கும். எதை ஏற்றுவது என்பதை அது தீர்மானிப்பதில்லை. 1943இல் இதே வங்கக் கடலின் தலைமாட்டிலுள்ள வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்தார்கள். தானியத்துக்குக் கப்பல் கேட்டபோதெல்லாம் லண்டன் அமைச்சரவை கையை விரித்தது அல்லது அரைகுறையாகக் கொடுத்தது. கடல் திறந்திருந்தது, கப்பலின் வயிற்றுக்குள் அரிசி ஏற்றப்படவில்லை. கடற்படை வீரர்களின் துணிச்சலைப் புகழ்கிற நூல்கள் இதைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவிடுகின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

போருக்குப் பின் இந்தச் சிறு கப்பல்கள் ஏழை நாடுகளின் முதற்கப்பல்களாயின. 1950 டிசம்பர் 9ஆம் திகதி உருவான இலங்கைக் கடற்படையின் முதற்கப்பல் 'விஜய', பிரித்தானியக் கடற்படைக்காகக் கண்ணிவெடி வாருவதற்கும் வழித்துணைக்கும் கட்டப்பட்டது. 1959இல் வந்த 'கஜபாகு', 'மகாசேன' இரண்டும் கனடாவில் கட்டப்பட்டு இஸ்ரேலின் கைக்குப் போய் இங்கே வந்த பிரிகேட்டுகள். வடக்கில் அவற்றுக்குத் தரப்பட்ட வேலை வேறு. பாக்கு நீரிணையைக் கடந்து வருவோரையும் கள்ளக் கடத்தலையும் தடுப்பது. காரைநகர்க் கடற்படைத் தளத்துக்கு 'எலார' என்று பெயர், எல்லாளன்தான். எங்கள் அரசன் ஒருவனின் பெயரைத் தாங்கிய தளத்திலிருந்து புறப்பட்ட படகுகளை எங்கள் கரையோர மக்கள் காவலாகப் பார்க்கவில்லை, கண்காணிப்பாகவே பார்த்தார்கள்.

பின்னர் பயமாகப் பார்த்தார்கள். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' படகை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். ஏறியவர்கள் கடற்படையினர் என்பது தப்பியவர்களின் சாட்சியம். ஆயுதமில்லாத பயணிகளுக்குக் கடலில் வழித்துணை தர வேண்டிய ஓர் அரசின் கப்பல்களைப் பற்றி நாங்கள் பேசும்போது, பேச்சு குமுதினியிலிருந்துதான் தொடங்கும். அதைத் தாண்டிப் பேச வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் அதைக் கேட்க வேண்டும்.

1995 இறுதியிலும் 1996 முற்பகுதியிலுமாகக் குடாநாட்டின் பெரும்பகுதி இராணுவத்தின் கைக்கு வந்த பின், திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பற்றொடர் என்ற பழைய முறை திரும்பி வந்தது. அட்லாண்டிக்கில் கொர்வெட் செய்ததை இங்கே கடற்படையின் டோரா என்ற வேகத் தாக்குதல் படகுகள் செய்தன. நீர்மூழ்கியின் இடத்தில் விடுதலைப் புலிகளின் வெடிமருந்து நிரப்பிய கரும்புலிப் படகுகள். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்குக் கரைகளை விலக்கித் தொடர் ஆழ்கடலுக்கு ஒதுங்கி ஓடும். 1998 பெப்ரவரியில் பருத்தித்துறைக்கு அப்பால் 'வலம்புரி' என்ற வணிகக் கப்பலும் 'பப்பத' என்ற கடற்படைத் தரையிறங்கு கலமும் ஒரே தாக்குதலில் அழிந்தன. 2006 மே 11ஆம் திகதி எழுநூறுக்கும் அதிகமான படையினரை ஏற்றிவந்த 'பேர்ள் குறூஸ்' கப்பலைக் காக்கப் போய் ஒரு டோரா அதன் மாலுமிகளோடு மூழ்கியது, கப்பல் தப்பியது. 2007 ஜனவரியில் குடாநாட்டுக்குப் பொருள் கொண்டுவந்த 'சிற்றி ஒஃப் லிவர்பூல்' தாக்கப்பட்டது. ஹொலிஹொக்கின் மாலுமியும் அந்த டோராவின் மாலுமியும் ஒரே வேலையில்தான் இறந்தார்கள். படகில் மோத வந்தவனும் எங்கள் கரையின் பிள்ளை. எந்தக் கரையில் நின்று எழுதினாலும் இந்த இரண்டையும் நான் மறைக்கமாட்டேன்.

குடாநாட்டு அனுபவத்திலிருந்து ஒரு தீர்ப்பு எழுகிறது. அதை உறுதியாகவே சொல்கிறேன். ஒரே கடல்வழியில், ஒரே துணையோடு, படையும் பருப்பும் மாறி மாறி ஏறும்போது பருப்பும் இலக்காகிவிடுகிறது. துப்பாக்கியுள்ள வழித்துணை சரக்கைக் காக்கிறது; அதே நேரம் அந்தச் சரக்குக்குப் போரின் நிறத்தையும் பூசுகிறது. மா மூட்டையை வாங்கக் காத்திருந்தவர்களை எந்தத் தரப்பும் கேட்டு இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. விலை மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது.

வேறு வழி இருந்தது என்பதற்கும் நாங்களே சாட்சி. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தன் கொடியோடு, இரு தரப்பின் உடன்பாட்டோடு கப்பல்களை அழைத்து வந்த காலங்கள் உண்டு. அந்தக் கப்பலைச் சுற்றிப் பீரங்கி இல்லை. கொடியும் கொடுத்த வாக்கும் மட்டுமே. 2009 பெப்ரவரி முதல் மே வரை வன்னிக் கரையிலிருந்து ஏறத்தாழ 14,000 பேரை, காயப்பட்டவர்களையும் நோயாளர்களையும் அவர்களோடு வந்தவர்களையும், அந்தக் குழு கடல் வழியாக வெளியே கொண்டுவந்தது. பெரும்பாலோரைச் சுமந்தது 'கிறீன் ஓஷன்' என்ற சாதாரணப் பயணிகள் கப்பல். அதற்கு முன் குடாநாட்டாரைத் திருகோணமலைக்கு ஏற்றி இறக்கிய அதே கப்பல். கரையில் எறிகணை விழுந்துகொண்டிருக்க, கடலில் ஒரு கொடி இவ்வளவு பேரைக் காத்தது. ஆயுதமுள்ள வழித்துணையின் வரலாற்றை எழுதுகிற எவரும் ஆயுதமில்லாத இந்த வழித்துணைக்கு அதே அளவு இடம் தர வேண்டும் என்பேன்.

இப்போது காங்கேசன்துறைக்கு மீண்டும் பயணிகள் கப்பல் வருகிறது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து முதற்கப்பல் வந்து சேர்ந்தது. துணைப்படகு எதுவும் இல்லாமல், பகலில், பயணிகள் கைவீசிக்கொண்டு வந்தார்கள். அந்தத் துறைமுகத்தில் இறங்குபவருக்கு அது எத்தனை ஆண்டுகள் ஒரு குடாநாட்டின் வாயாக இருந்தது என்று சொல்ல ஓர் அறையாவது வேண்டும்.

அறை கட்டுவது அரசின் கையில். அறைக்குள் வைக்க வேண்டியவை எங்கள் வீடுகளில் இருக்கின்றன. திருகோணமலைக்குப் போன கப்பலின் பயண அனுமதிச் சீட்டு, ஆமி முகாமில் வரிசையில் நின்று பெற்ற பாஸ், சங்கக்கடைப் பதிவுப் புத்தகம், கப்பலில் கிடந்து வாந்தி எடுத்த அந்த இரவைப் பற்றி அம்மா எழுதிய கடிதம். கறையான் அரிப்பதற்குள் அவற்றை யாழ்ப்பாணப் பொது நூலகத்திடமோ, நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகத்திடமோ கொடுங்கள். கப்பலில் வேலை செய்தவர்கள், மூட்டை இறக்கியவர்கள், எந்த இனத்தவராயினும், உங்கள் வாயால் சொல்லிப் பதிந்து வையுங்கள்.