யார் தோற்ற காசு?



ஆண்டு விழா முடிந்து மண்டப வாடகை, ஒலிபெருக்கி வாடகை எல்லாம் கொடுத்துத் தீர்த்த பிறகு, தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் தவறாமல் ஒரு குரல் எழும்: "கிராண்டுக்கு எழுதிப் போடலாமே." நியூசிலாந்தில் அந்தக் கிராண்டுகளில், அதாவது மானியங்களில், கணிசமானவை போக்கி மெஷின்கள் என்னும் சூதாட்ட இயந்திரங்களிலிருந்து வருபவை. சிலர் அது தெரிந்தே தலையாட்டுகிறார்கள், பலருக்குத் தெரிவதில்லை. ஆக்லாந்து வாசகி ஒருவர் நேரடியாகவே கேட்டு எழுதியிருக்கிறார்: "அந்தக் காசில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கலாமா?"

ஏற்பாடு இதுதான். 2003-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டப்படி, பப்பிலும் கிளப்பிலும் இருக்கும் மெஷின்களை யாரும் சொந்த லாபத்துக்கு நடத்த முடியாது. லாபநோக்கற்ற ஒரு அமைப்புதான் உரிமம் எடுக்க வேண்டும். பப்புகளில் ஆடுபவர்கள் தோற்ற தொகையில், ஜிஎஸ்டி போக, குறைந்தது 40 சதவீதம் பொதுக் காரியங்களுக்குப் போக வேண்டும். மீதியில் அரசு வரி, பப்புக்குரிய தொகை, நிர்வாகச் செலவு. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆலோசனையும் சிகிச்சையும் தர ஒரு தனித் தீர்வையும் உண்டு. கால்பந்து அணியின் சீருடை, ஆம்புலன்ஸ், பள்ளி இசைக்கருவி எல்லாம் இப்படித்தான் வாங்கப்படுகின்றன. குதிரைப் பந்தயத்தின் பரிசுத் தொகையும் பொதுக் காரியங்களில் சேர்த்தி! ஒரு சூதாட்டத்தில் தோற்ற காசு இன்னொரு சூதாட்டத்துக்கே பரிசாகிறது.

நாடு முழுவதும் இந்த மெஷின்களில் மக்கள் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் இழக்கிறார்கள். பட்டனை ஒரு முறை அழுத்த அதிகபட்சம் 2.50 டாலர்தான். கேட்கச் சின்னத் தொகை, ஆனால் அடுத்த ஆட்டம் சில நொடிகளில் வந்துவிடும். விடாமல் ஆடினால் அரை மணிக்கு மேற்படாத இடைவெளிகளில் ஆட்டம் நிற்கும். எவ்வளவு நேரமாக ஆடுகிறீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், எவ்வளவு போயிற்று என்று திரையிலேயே காட்டி, தொடரலாமா என்று கேட்கும். பட்டனைத் தட்டினால் தொடரும். இவ்வளவு நாணயமாகக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளும் இயந்திரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த மெஷின்கள் வசதியான பேட்டைகளைவிட ஏழைப் பேட்டைகளில்தான் நெருக்கமாக இருக்கின்றன. மனுரேவா, ஓட்டாரா, மாங்கரே பக்கம் போனால் தெரியும். மாவோரி குடும்பங்களும் பசிபிக் தீவுக் குடும்பங்களும் படும் பாடு அதிகம். அங்கே தோற்ற காசு அந்தப் பேட்டைக்கே திரும்ப வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. விண்ணப்பம் நன்றாக எழுதத் தெரிந்த, விலைப்பட்டியலும் தீர்மான நகலும் சரியாக இணைக்கத் தெரிந்த சங்கம் எங்கே இருக்கிறதோ அங்கே போகும். படிவம் நிரப்புவதில் நம்மவர்கள் சோடை போனவர்கள் அல்லவே.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. ஆக்லாந்து போன்ற இடங்களில் புதிய மெஷின்களுக்கு அனுமதி கிடையாது. ஒரு பப் மூடினால் அதன் மெஷின்களும் அதோடு போயின. இந்த விதியைப் பற்றி மாநகர மன்றங்கள் கருத்துக் கேட்கும்போது, "மானியம் குறைந்துவிடும்" என்று எதிர்த்துப் பேச விளையாட்டுக் கிளப்புகள் வருகின்றன. நல்ல மனிதர்கள்தான். ஆனால் பிள்ளைகளின் பந்துக்காக, இன்னொரு வீட்டுப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு மெஷினுக்குள் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று வாதாட வேண்டிய நிலை. 2020-இல் ஊரடங்கில் பப்புகள் மூடியதும் மானியமும் வறண்டது. அந்த ஆண்டே சால்வேஷன் ஆர்மி உள்ளிட்ட மூன்று அமைப்புகள் சேர்ந்து, சமூக அமைப்புகள் இந்தக் காசை நம்பியிருக்கும் நிலையை முடிக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன. அரசே நேரடியாக நிதி தர வேண்டும் என்ற கட்சிதான் நானும்.

வாசகிக்கு என் பதில்: வாங்கியவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நான் குழுவில் இருந்தால் வாங்க மாட்டேன். முதலில் இனச் சமூகங்களுக்கான அமைச்சகத்தின் நிதிக்கும் உங்கள் மாநகர மன்றத்தின் மானியத்துக்கும் எழுதிப் பாருங்கள். (லாட்டரி வாரியமும் தருகிறது. அது எந்தக் காசு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) இல்லை, போக்கி மானியமேதான் வேண்டும் என்று முடிவானால், அதைக் குழுவில் வெளிப்படையாகப் பேசி நடவடிக்கைக் குறிப்பில் எழுதுங்கள். நாளை மெஷின்களைக் குறைக்கும் யோசனை வரும்போது, அதை எதிர்க்கும் கடிதத்தில் மட்டும் சங்கத்தின் முத்திரை விழ வேண்டாம்.

நம் வீடுகளிலும் இந்தச் சூதாட்டத் தொல்லை இருக்கிறது. வெட்கத்தால் வெளியே வருவதில்லை. இலவச உதவி எண் 0800 654 655, எந்த நேரமும் அழைக்கலாம்.

உங்கள் சங்கம் என்ன முடிவெடுத்தது என்று எழுதுங்கள். வாங்கியவர்களும் எழுதுங்கள், மறுத்தவர்களும் எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்