கையெழுத்தோடு முடிவதில்லை

"வெள்ளத்தில் வீடு போனால் காப்பீட்டுக் கம்பெனி தரும் பணத்தை வாங்கிக் கையெழுத்துப் போடு, அதற்குமேல் கேட்க வழியில்லை." 2018 ஆகஸ்ட் வெள்ளத்தைப் பார்த்த பாலக்காட்டுப் பக்கமே இப்படிப் பேசலாமா?

ஒன்று: தீர்வு ரசீதில் கையெழுத்திட்டாலும் கூடுதல் தொகை கேட்கும் உரிமை போகாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015இலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது.

இரண்டு: தொகையை எந்தக் கணக்கில் குறைத்தார்கள்? 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் கட்டடத்துக்கு அளவுகோல் மீண்டும் கட்டும் செலவு. பழைய சுவரின் இன்றைய விலையல்ல. குறைவாகக் காப்பீடு செய்தீர்கள் என்று விகிதம் போட்டு வெட்டவும் அதில் இடமில்லை. சேதத்தை மதிப்பிட்ட சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினீர்களா?

மூன்று: செலவுப் பயம் வேண்டாம். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லை. 50 லட்சம் வரை தீர்ப்பளிப்பார். கேரள எல்லையிலுள்ள வாளையார்க்காரர்களுக்குக் கொச்சி அலுவலகம், சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் சென்னை அலுவலகம். முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் மனுக் கொடுங்கள்.