பிள்ளைகளும் உலை வைக்கட்டும்

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு நாற்று பறிக்கத் தெரியும். மாட்டுக்குத் தீவனம் வைக்கத் தெரியும். ஆனால், சொந்த வயலில் விளைந்த அரிசியை உலையிலிட்டு, குடும்பம் முழுவதற்கும் ஒரு வேளை உணவு தயாரிக்கப் பல வீடுகளில் அவர்களை விடுவதில்லை. அடுப்படி வேலை படிப்பைக் கெடுக்கும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். ஆண் பிள்ளைக்கு அது எதற்கு என்ற எண்ணமும் உள்ளது. இரண்டும் சரியல்ல. விளைபொருளின் நிறைகுறைகளை அறிவதற்குச் சமையலைப் போன்ற நல்ல பயிற்சி வேறில்லை.

ஒரு வேளைச் சோற்றின் கணக்கு

ஐந்து பேருக்குத் தலைக்கு 120 கிராம் வீதம் 600 கிராம் அரிசி வேண்டும். நூறு கிலோ நெல்லுக்குச் சுமார் 65 கிலோ அரிசி கிடைக்கும் என்று கொண்டால், அந்த ஒரு வேளைக்குத் தேவையான நெல் சுமார் 920 கிராம். ஒரு கிலோ நெல் விளைய, மழைநீரும் பாசன நீருமாக, சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஆகவே, அந்தப் பானைச் சோற்றுக்குப் பின்னால் சுமார் 2,300 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. இக்கணக்கைத் தானே போட்டு உலை வைத்த பிள்ளை, சோற்றை வீணாக்கத் தயங்கும். இது படிப்பைக் கெடுப்பதாகுமா?

முறத்தில் தெரியும் குறைகள்

பயறைப் புடைக்கும்போது துளை விழுந்த மணிகள் கண்ணில் படும். அது பயறு வண்டின் வேலை. இவ்வண்டு வயலிலேயே காய்களின் மீது முட்டையிட்டு, அறுவடையுடன் வீடு வந்து சேரும். பயறை ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேற்படாமல் நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத கலனில் சேமிப்பது ஏன் என்பது அப்போது விளங்கும். கல் பொறுக்கிச் சலித்த பிள்ளைக்கு, மண் தரையில் கதிரடிப்பதன் தீமையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. புது அரிசி குழைவதையும், பழைய அரிசி கூடுதலாக நீர் இழுத்து உதிரியாக வேகுவதையும் அடுப்பே கற்றுக்கொடுக்கும்.

சத்து பற்றிய பாடமும் இங்கேயே உண்டு. அரிசியைப் பலமுறை கசக்கிக் கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் 'பி' வைட்டமின்கள் நீரோடு போய்விடும். காய்கறிகளைக் கழுவிய பிறகே நறுக்க வேண்டும். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனைன் அரிசியில் கிடைக்கிறது. நெல்லுக்குப் பின் உளுந்து விதைப்பது மண்ணுக்கு நல்லது; சோற்றுடன் பருப்பு சேர்ப்பது உடலுக்கு நல்லது.

ஆண் பிள்ளைகளுக்கும் தேவை

நாளை நிலத்தைக் கவனிக்கப் போகும் மகன் இன்று அடுப்படிப் பக்கமே வராவிட்டால், ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மகசூலையும் விலையையும் மட்டுமே பார்ப்பான். உண்பவர் எதை விரும்புவார், எதை ஒதுக்குவார் என்பது அவனுக்குத் தெரியாமல் போகும். மறுபுறம், பெண் பிள்ளையின் மீது மட்டும் தினமும் சுமத்தப்படும் சமையல் பயிற்சி ஆகாது. அது அவள் படிப்புக்குரிய நேரத்தைப் பறிக்கும் சுமை. வாரம் ஒரு வேளை, முறை வைத்து, இருவருமே சமைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

சிறு பிள்ளைகளுக்குப் புடைத்தல், அளத்தல், கீரை ஆய்தல் போதும். பத்து வயதுக்கு மேற்பட்டோர், பெரியவர் ஒருவர் உடனிருக்க, அடுப்பில் சமைக்கலாம். தொளதொளப்பான ஆடை கூடாது. குக்கரில் ஆவி முழுவதும் அடங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மருந்து கலந்த விதையையும் காலியான பூச்சிமருந்து டப்பாக்களையும் சமையலறைப் பக்கமே கொண்டு வரக் கூடாது. அந்த விதையை உணவாகக் கொள்ளலாகாது என்பதைப் பிள்ளைகள் முதலில் அறிய வேண்டும்.

முதல் நாள் சோறு குழையலாம். குழம்பில் உப்புக் கூடலாம். அதற்காகக் கடிந்துகொள்ளாமல், குடும்பத்தார் அனைவரும் உடனமர்ந்து உண்ண வேண்டும். குறை எங்கே நேர்ந்தது என்று பிள்ளையையே சொல்லச் செய்தால், அடுத்த வாரம் அது தானே திருத்திக்கொள்ளும். வரும் ஞாயிற்றுக்கிழமையே இதைத் தொடங்கலாம்.