உயரம் அளந்தீர்களா?

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தன் 6 வயது மகனை என் கிளினிக்குக் கூட்டி வந்தார். பையனுக்கு இரண்டாவது முறையாகச் சிறுநீர்த் தொற்று. வெளியே எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கொண்டு வந்திருந்தார்.

"கிட்னி நல்லாத்தான் இருக்கு டாக்டர். நார்மல்னு போட்டிருக்கு" என்றார்.

நானும் பார்த்தேன். கிரியேட்டினின் 70 மைக்ரோமோல். பக்கத்தில் 60 முதல் 110 வரை இயல்பு என்று அச்சாகியிருந்தது. வெளியே கூட்டம். மருந்து எழுதப் பேனாவை எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த 60–110 பெரியவர்களுக்கான அளவு! பையனைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தேன். 115 சென்டிமீட்டர்.

சிறுநீரகத்துக்கும் உயரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கிரியேட்டினின் நம் தசைகளில் உண்டாகும் கழிவு. அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. பிள்ளைகளுக்குத் தசை குறைவு என்பதால் கழிவும் குறைவு. ஒரு தகப்பனுக்கு இயல்பான 70, அவருடைய சின்ன மகனுக்கு அதிகம். தசையின் அளவை ஓரளவு காட்டிக் கொடுப்பது உயரம்.

அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஷ்வார்ட்ஸ் 1976இல் இதை ஒரு சூத்திரமாக்கினார். 2009இல் அது திருத்தப்பட்டது. கணக்கு எளிது: சென்டிமீட்டரில் உயரத்தை 36.5ஆல் பெருக்கி, மைக்ரோமோலில் உள்ள கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு கிடைக்கும். இரண்டு வயதுக்கு மேல் 90க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

இந்தப் பையனுக்கு வந்தது 60. அதே உயரத்தில் கிரியேட்டினின் 40 ஆக இருந்திருந்தால் 105 வந்திருக்கும்.

ஒரே ஒரு எண்ணை வைத்து நோய் என்று முத்திரை குத்த முடியாது. உடலில் நீர் வற்றியிருந்தாலும் அளவு மாறும். மிகவும் மெலிந்த பிள்ளைக்கும், கட்டுமஸ்தான பதின்ம வயதுப் பையனுக்கும் கணக்கு பிசகும். அதனால் மறுபடி ரத்தம் எடுத்தோம். சிறுநீரில் புரதம் பார்த்தோம், ஸ்கேன் எடுத்தோம். ஒரு சிறுநீரகம் சுருங்கித் தழும்பேறியிருந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன் டாக்டர்?" என்று அந்தத் தாய் அழுதார்.

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. நானே இதை விட்டிருப்பேன்" என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல.

இப்போது பையன் குழந்தைகள் சிறுநீரக நிபுணரின் கவனிப்பில் இருக்கிறான். ரத்த அழுத்தத்தைத் தவறாமல் பார்க்கிறார்கள். காய்ச்சல் வந்தால் ஐபுபுரோஃபென் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடம், பந்து விளையாட்டு எல்லாம் வழக்கம்போல.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்தால், "இது பிள்ளைகளுக்கான அளவா? உயரம் வைத்துக் கணக்குப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். டாக்டர் என்ன நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். அன்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால், நான் நன்றிதான் சொல்லியிருப்பேன்.