ஸ்கேன் பண்ணினா எல்லாம் தெரியுமா?



"சேர், லெப்டொப்பில போட்டு வாகனம் ஸ்கேன் பண்ற சாமான் ஒண்டு வாங்கப்போறன், எது நல்லது?" இந்தக் கேள்வி இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று பேரிடமிருந்து வருகிறது. ஆளுக்கு ஆள் பதில் சொல்லி அலுத்துவிட்டது, இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், சொந்த வாகனத்தின் பொனட்டைத் திறந்து பார்க்கப் பயப்படாதவன், அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 வரைக்கும் தனியாருக்குக் கார் பெரும்பாலும் வரவில்லை. அதனால் கையில் இருந்ததையே ஓட்டினோம். இன்று ஊரில் ஓடுகிற அக்வா, பிரியஸ், அக்ஸியோ, வெகன் ஆர் எல்லாம் வயது போனவை. டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் லைட் எரிந்தால் வயிற்றைக் கலக்குகிறது. சொந்தமாக ஒரு ஸ்கேனர் இருந்தால் நல்லது என்று நினைப்பது நியாயம்தான்.

ஆனால் கடையில் போய் "நல்ல ஸ்கேனர் எது" என்று கேட்காதீர்கள். "என்ட வாகனத்தோட இது பேசுமா" என்று கேளுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சொக்கட் ஒன்று இருக்கிறது. அமெரிக்கா 1996 மொடல்களிலிருந்து இந்த ஓபிடி முறையைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இலிருந்து. நாம் கொண்டுவந்த பழைய ஜப்பான் வாகனங்களோ ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்தவை. சொக்கட் அதே வடிவம், உள்ளே பேசும் பாஷை சிலவற்றில் வேறு. பின் பொருந்துகிறதே என்று வாங்கியவர்கள் பலர், "கனெக்ட் ஆகுதில்ல" என்று அதை அலுமாரியில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

மலிவு விலையில் கிடைக்கும் அந்தச் சின்ன நீலப் புளூடூத் சாமானுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஈஎல்எம் 327 என்பது கனடாவின் எல்ம் எலெக்ட்ரோனிக்ஸ் செய்த சிப். முதல் பதிப்பில் கொப்பி பண்ண முடியாதபடி பூட்டுப் போடாமல் விட்டுவிட்டார்கள். அப்படியே உருவிப் போலி செய்தார்கள். இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது அந்தப் போலியின் வாரிசுதான். எஞ்சின் கோட் வாசிக்க அது போதும் என்றால் போதும், நான் குறை சொல்ல மாட்டேன். ஏபிஎஸ், எயார்பேக், ஹைபிரிட் என்று போனால் அது பெரும்பாலும் கைவிரித்துவிடும். லெப்டொப்புக்கு என்றால் புளூடூத்தை விட்டுவிட்டு யூஎஸ்பி வயர் உள்ளதை எடுங்கள். இடையில் அறுந்து போகாது, வேகமும் கூட.

லெப்டொப்பின் உண்மையான பயன் கோட் வாசிப்பதில் இல்லை, அதைப் போன் கூடச் செய்யும். எஞ்சின் ஓடும்போது வருகிற தரவைப் பதிந்து, கிராஃப் போட்டுப் பார்ப்பதில்தான் இருக்கிறது. பி0171 என்று ஒரு கோட் வருகிறது என்று வையுங்கள். எரிபொருளுக்குக் காற்று கூடிவிட்டது என்று அர்த்தம். உடனே "ஒக்சிஜன் சென்ஸர் மாத்தணும்" என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். ஆனால் கம்ப்யூட்டர் எவ்வளவு எரிபொருளைக் கூட்டுகிறது என்று பாருங்கள், அதற்கு ஃபியூல் ட்ரிம் என்று பெயர். ஐட்லில் 20 வீதம் கூடி, 2500 சுற்றில் சாதாரண நிலைக்கு இறங்கினால் எங்கோ வெக்யூம் ஹோஸ் வெடித்திருக்கலாம். சுற்றுக் கூடக் கூட இதுவும் கூடினால் காற்றளவு சென்ஸரில் அழுக்கு, அல்லது பெற்றோல் பம்ப் பலவீனம். சென்ஸர் பாவம், உள்ளதைச் சொன்னதற்காகக் கழற்றி வீசப்படுகிறது.

கணிதத்தில் 32 புள்ளி எடுத்த பிள்ளையின் ரிப்போர்ட்டைப் பார்த்தவுடன் காரணம் தெரிந்துவிடுமா? பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் கூட இருக்கலாம். கோட்டும் அப்படித்தான்.

ஹைபிரிட்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அக்வாவின் பெரிய பற்றரியில் 20 மொடியூல், பிரியஸின் இரண்டாம் மூன்றாம் தலைமுறையில் 28. பி0ஏ80 வந்தால் "முழுப் பற்றரியும் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு புளொக்கின் வோல்ட்டையும், லோட் கொடுத்தும் கொடுக்காமலும், ஒப்பிட்டுப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். பின் சீட்டுப் பக்கமுள்ள கூலிங் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கு லெப்டொப்பே தேவையில்லை. நல்ல அடப்டரும் டொக்டர் பிரியஸ் என்ற செயலியும் போதும். ஆனால் பற்றரியின் மூடியை மட்டும் நீங்கள் கழற்ற வேண்டாம். உள்ளே இருப்பது ஆளைக் கொல்லும் மின்சாரம்.

அடுத்தது மென்பொருள். டொயோட்டாவுக்கு டெக்ஸ்ட்ரீம், ஃபோர்டுக்கும் மஸ்தாவுக்கும் ஃபோர்ஸ்கேன், ஃபொக்ஸ்வாகனுக்கு விசிடிஎஸ். ஃபோர்ஸ்கேனின் வின்டோஸ் பதிப்பில் கோட் வாசிப்பது இலவசம். டொயோட்டாவுக்கு விற்கும் மலிவுக் கேபிளோடு ஒரு சீடி தருவார்கள், "அன்டிவைரஸை ஓஃப் பண்ணிட்டு போடுங்க" என்ற உபதேசத்தோடு. திருட்டுப் பிரதி என்பது ஒரு பக்கம். என்னுடைய லெப்டொப்பில் பிள்ளைகளின் புள்ளிகளும் பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் கிடக்கின்றன. அந்தச் சீடியை அதில் போட எனக்கு மனம் வராது. ஆசிரிய நண்பர்களே, உங்களுக்கும் வரக்கூடாது. இதற்கென்றே இன்டர்நெட் போடாத பழைய லெப்டொப் ஒன்றை ஒதுக்குங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள். கோட்டை அழித்துவிட்டு லைட் எரியாத வண்டியாகக் காட்டுவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அழித்தவுடன் வாகனம் தன்னைத்தானே சோதிக்கும் 'ரெடினெஸ்' பட்டியலும் காலியாகிவிடும். அந்த வசதியுள்ள வாகனங்களில் அது "முடியவில்லை" என்று காட்டினால், நேற்றோ இன்றோ யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது 12 வோல்ட் பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். எதற்காக என்று கேளுங்கள். நம்மில் விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: குறையை மறைத்து விற்ற காசு எப்படிப்பட்டது என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை.

என்னைக் கேட்டால் வீட்டுக்கு ஒரு ஸ்கேனர் வேண்டாம். ஒரே வகை வாகனம் வைத்திருக்கிற நாலைந்து வீடுகள் சேர்ந்து நல்லதாக ஒன்றை எடுக்கலாம். உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கிற நம் பிள்ளைகள் கையில் கொடுத்தால் அவர்களுக்கும் பழக்கமாகும். கராஜ் பாஸிடம் போகும்போது கிராஃபைக் காட்டி, "இப்படி வருது, நீங்க என்ன நினைக்கிறீங்க" என்று கேளுங்கள். "நான் கண்டுபிடிச்சிட்டன், இதை மாத்துங்க" என்று போய் நிற்க வேண்டாம். இருபது வருஷம் காதால் கேட்டே எஞ்சினைக் கண்டுபிடிக்கிற மனுஷன் அவர்.

அழிப்பதற்கு முன் கோட்டையும், அதோடு பதிந்திருக்கும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் படம் எடுத்து வையுங்கள். அழித்தால் பாஸுக்குக் காட்ட ஒன்றுமே இருக்காது. புரோகிராமிங் என்று போட்டிருக்கிற மெனுப் பக்கம் போகவே வேண்டாம். நடுவில் 12 வோல்ட் பற்றரி இறங்கினால் கார் இருந்த இடத்திலேயே நின்றுவிடும், பிறகு ட்ரக் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும்.