மீளக் கணிக்கப்படாத சுமை

பொறியியற் பீடத்துள் நுழையும் மாணவர் முதன்முதலிற் கேட்கும் அறிவுரை, நேரத்தைத் திட்டமிட்டுப் படிக்க வேண்டும் என்பதாகும். பெறுபேறு சரிந்தால் அவர் நேரத்தை வீணாக்கினார் என்பர். பாடம் விளங்காவிடின் போதிய அளவு முயலவில்லை என்பர். உடல்நலம் குன்றினாலோ மனவுறுதி போதாது என்பர். பாடச்சுமைக்கும் பெறுபேற்றுக்கும் இடையிலான சமநிலை, இவ்வாறு மாணவரின் தனிப்பட்ட ஒழுக்கப் பிரச்சினையாகவே கருதப்பட்டு வருகின்றது. இக்கருத்து எத்துணை உண்மையானது என்பதைப் பொறியியலுக்கே உரிய முறையில், கணக்கிட்டு நோக்குதல் தகும்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிற் என்பது 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். விரிவுரை, ஆய்வுகூட வேலை, சுயகற்றல், பரீட்சை ஆயத்தம் யாவும் இதனுள் அடங்கும். ஆண்டொன்றுக்கு 30 கிரெடிற், அதாவது 1,500 மணித்தியாலம் என்பதே அச்சட்டகம் கொண்ட அளவு. 15 வாரங்கள் கொண்ட ஓர் அரையாண்டில் 18 கிரெடிற்றுகளைச் சுமப்பவர் வாரத்துக்கு 60 மணித்தியாலம் உழைத்தல் வேண்டும். 21 ஆயின் 70 மணித்தியாலம். அஃதாவது ஓய்வு நாளின்றி, நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம்! பரீட்சைக் காலத்தையும் சேர்த்து 18 வாரமெனத் தாராளமாகக் கணக்கிடினும், பின்னைய சுமை வாரத்துக்கு 58 மணித்தியாலத்துக்குக் குறைவதில்லை. கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலைசெய்வோருக்கு 1954 ஆம் ஆண்டின் சட்டம் வகுத்த வாரவேலை நேரமோ 45 மணித்தியாலம். கூலிபெறும் ஊழியருக்குச் சட்டம் விதித்த எல்லை, கற்கும் மாணவருக்கு இல்லாது போயிற்று.

இக்கணக்கும் சராசரி மாணவர் ஒருவரைக் கற்பனை செய்து போடப்பட்டதே. க.பொ.த. உயர்தரம் வரை தமிழிற் கற்ற மாணவர், பீடத்தில் அடிவைத்த நாளிலேயே ஆங்கில விரிவுரையை எதிர்கொள்கின்றார். ஒரே பக்கத்தை ஆங்கிலம் அறிந்தவர் ஒருமுறை வாசிக்க, இவர் அகராதியுடன் மும்முறை வாசிக்கின்றார். இம்மேலதிக உழைப்புக்கு எந்தப் பாடவிதானமும் கிரெடிற் வழங்குவதில்லை. உதவிப்பணம் போதாமையால் வார இறுதியில் தனியார் கல்வி நிலையங்களிற் படிப்பித்துச் செலவுக்குத் தேடுவோரும் உளர். பொதுவான முதலாண்டின் பெறுபேற்றைக் கொண்டு துறைகளைப் பங்கிடும் பீடங்களில், மொழியுடன் மல்லாடும் அவ்வாண்டே ஒருவரின் வாழ்நாள் தொழிலைத் தீர்மானித்துவிடுகின்றது. அளக்கப்படுவது திறமையா, அன்றி முன்னர் கிடைத்த வசதியா?

சுமக்கவொண்ணாச் சுமையை ஏற்றவர் என் செய்வார்? சுமப்பதாகக் காட்டிக்கொள்வார். கடந்தகால வினாத்தாள்களே பாடநூல்களாகின்றன. பரீட்சைக்கு முந்திய ‘குப்பி’ வகுப்புகள், பதினைந்து வார விரிவுரைகளுக்கு ஈடாகின்றன. ஆய்வுகூட அறிக்கை அறைக்கு அறை கைமாறுகின்றது. விருப்பப் பாடங்களுள் ஆழமானது ஒதுக்கப்பட்டு, புள்ளி எளிதிற் கிடைப்பது தெரியப்படுகின்றது. தரப்புள்ளிச் சராசரி 3.70 ஆயின் முதலாம் வகுப்பு, 3.30 ஆயின் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. ஒருமுறை தவறி மீளத் தோற்றியவருக்கு எவ்வளவு விளங்கியிருப்பினும் ‘சி’ தரமே உச்சம். இத்தகைய விதிகளின் கீழ், துணிந்து கடினமானதைக் கற்பவர் தண்டிக்கப்படுகின்றார். தந்திரமாகத் தப்புபவர் பாராட்டப்படுகின்றார். இதனை மாணவரின் சோம்பல் என்பது அநீதி. பெரும்பாலும் இது பாடவிதானம் கற்பித்த பாடமே.

இச்சுமை எங்ஙனம் வளர்ந்தது? 2014 இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வோஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்புரிமையைப் பெற்றது. தொழில் ஒழுக்கம், கூட்டுழைப்பு, தொடர்பாடல் என்பனவும் பட்டதாரியிடம் எதிர்பார்க்கப்படலாயின. இவை வேண்டற்பாலனவே. ஆயின் அவ்வுடன்படிக்கை வேண்டுவது பட்டதாரியின் பண்புகளையேயன்றிப் பாடங்களின் எண்ணிக்கையையன்று. புதியதொரு தேவை எழும்போதெல்லாம் புதியதொரு பாடம் சேர்க்கப்படுகின்றது. பழையதைக் குறைக்கும் பேச்செழுந்தாலோ ஒவ்வொரு துறையும் தன் பாடத்துக்கு அரண் கட்டிக்கொள்கின்றது.

பொறியியல் வரலாற்றில் இதற்கொரு படிப்பினை உண்டு. கனடாவின் சென் லோறன்ஸ் நதிக்குக் குறுக்கே கியூபெக் பாலம் திட்டமிடப்பட்டபோது, அதன் நடுவீச்சு 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டப்பட்டது. நீண்ட பாலத்தின் தன்னிறை உரிய வேளையில் மீளக் கணிக்கப்படவில்லை. 1907 ஓகஸ்ட் 29 ஆம் நாள், கட்டிமுடியுமுன்னரே அது இடிந்து வீழ 75 தொழிலாளர் மாண்டனர். உருக்கு உறுப்புகளின் மனவுறுதியை எவரும் குறைகூறவில்லை. சுமையைக் கணிக்கத் தவறியோரையே விசாரணை குற்றங்கண்டது. காப்புக் காரணியை விரிவுரை மண்டபத்திற் போதிக்கும் பீடம், தன் மாணவருக்கு எக்காப்பும் வைக்காது பாடவிதானத்தை வரைவது முரண்பாடன்றோ?

சுமையைக் குறைத்தால் தரம் வீழும் என்பாரும் உளர். மக்கள் உயிர் தங்கியிருக்கும் தொழிலில் இளக்காரம் கூடாதென்ற அவர்தம் கவலை மதிக்கத்தக்கது. ஆயின் அணைக்கட்டையும் பாலத்தையும் காப்பது பட்டதாரியின் மனத்திற் பதிந்த அறிவேயன்றி, பெறுபேற்றுத் தாளில் அச்சான பாடங்களின் நிரையன்று. நாற்பது பாடங்களைப் பரீட்சை மறுநாளே மறந்தவரினும், முப்பதைத் தெளிவுறக் கற்றவரிடம் நாட்டை நம்பி ஒப்படைக்கலாம். தரத்தின் பெயராற் காக்கப்படுவது பருமனேயன்றித் தரமன்று.

மாணவர் சமுதாயமும் முற்றிலும் குற்றமற்றதன்று. பரீட்சையைப் பின்போடக் குரலெழுப்பும் மாணவர், பாடவிதானச் சீர்திருத்தத்தைக் கோரிக் குரலெழுப்புதல் அரிது. பின்போடப்பட்ட பரீட்சை சுமையை இறக்குவதில்லை. அடுத்த அரையாண்டின் தோளில் ஏற்றிவிடுகின்றது.

வேண்டப்படுவது சலுகையன்று, கணக்கு. ஒவ்வொரு பாடமும் மெய்யாகக் கவரும் மணித்தியாலங்கள் அளக்கப்படல் வேண்டும். புதியது ஒன்று புகின் அதே நிறையுள்ள பழையதொன்று கழிதல் வேண்டும். முதலாண்டு மொழிப்பயிற்சி பாடச்சுமையின் பகுதியாகவே எண்ணப்படல் வேண்டும். அக்கணக்கைப் போட்டபின்னும் தோற்பவரை நோக்கி, நேரத்தைத் திட்டமிடுக என்று கூறும் உரிமை பீடத்துக்கு உண்டு. அதற்கு முன்னர் இல்லை.